அடிபந்தாட்டத்தில் தீர்ப்பும் பிணக்கும் வெளியேற்றமும்

ஒரு நிகழ்ச்சியைப் புலன்களால் அறிதல், அறிந்ததனை நெறியோடு பொருத்துதல், பொருத்திப் பெற்ற முடிவை யாவரும் கேட்கக் கூறுதல் என்னும் மூன்றும் கூடியதே தீர்ப்பு. முதலாவது கண்ணுக்கும் செவிக்கும் உரியது. இரண்டாவது அறிவுக்கு உரியது. மூன்றாவது ஆணைக்கு உரியது. அமெரிக்கர் பேஸ்பால் என்றழைப்பதும் தமிழில் அடிபந்தாட்டம் எனத் தகவுற வழங்குவதுமாகிய விளையாட்டில், நடுவருக்கும் அணி மேலாளருக்கும் இடையே நெடுங்காலமாக நடந்துவரும் பூசலை ஆராயப் புகுவார் இம்மூன்றையும் வேறுபிரித்துக் காணல் வேண்டும். பிணக்குப் பெரும்பாலும் முதற்கூறாகிய அறிதலில் பிறக்கிறது. வெளியேற்றமோ மூன்றாங் கூறாகிய ஆணையைக் காக்கவே நிகழ்கிறது. தீர்ப்புச் சரியா என்பது ஒரு வினா. தீர்ப்பு முடிந்ததா என்பது வேறொரு வினா. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வோருக்கே, மேலாளர் தொப்பியை மண்ணில் எறிவதும் நடுவர் கைவீசி அவரைக் களத்தினின்று அனுப்புவதும் வெறுங்கூத்தாகத் தோன்றும்.

ஆட்டத்தின் அமைப்பை முதற்கண் சுருங்கக் கூறுவோம். வீச்சாளர் சிறு மேடொன்றில் நின்று, 18.44 மீட்டர் தொலைவிலுள்ள இல்லத்தளத்தை நோக்கிப் பந்தை எறிகிறார். இத்தொலைவு 1893ஆம் ஆண்டு முதல் மாறாதது. இல்லத்தளத்தின் அருகே மட்டையாளர் நிற்க, அதன் பின்னே பிடிப்பாளர் குந்தியிருக்க, அவர் தோளுக்கு மேலாக நோக்கியவாறு தலைமை நடுவர் குனிந்து நிற்கிறார். மட்டையாளர் அடியாது விட்ட பந்து உரிய வெளியினூடே சென்றிருப்பின் அது நேர்வீச்சு; புறம்பே சென்றிருப்பின் விலகுவீச்சு. மூன்று நேர்வீச்சு மட்டையாளரை ஆட்டமிழக்கச் செய்யும். நான்கு விலகுவீச்சு அவருக்கு முதல் தளத்தை ஈட்டித்தரும். ஸ்டிரைக், பால் என்று அமெரிக்கர் கூவும் இவ்விரு சொற்களின்மேல்தான் ஆட்டம் முழுவதும் நடைபெறுகிறது.

நடுவர் கூறும் தீர்ப்புகள் நால்வகைப்படும். பந்து எவ்விடத்தே சென்றது என்பது இடத்தீர்ப்பு. பந்து முந்தியதா, ஓடியவர் முந்தினாரா என்பது முன்பின் தீர்ப்பு. ஆட்டக்காரர் எதனைக் கருதி அசைந்தார் என்பது உட்கோள் தீர்ப்பு. நிகழ்ந்தது யாது என்பதில் எவருக்கும் ஐயமில்லாதபோது, அதற்கு நெறிநூல் தரும் பொருள் யாது என்பது நெறித்தீர்ப்பு. பின்னிரண்டும் அருகியே பூசலுக்கு ஏதுவாவன. முன்னிரண்டும் நாள்தோறும் நடப்பன. ஆதலின் அவற்றையே விரித்துரைப்போம்.

நேர்வீச்சு வெளி என்பது இல்லத்தளத்தின்மேல் எழுந்து நிற்பதாகக் கருதப்படும் ஒரு தூண். தளத்தின் அகலம் 43.2 செ.மீ.; அதுவே தூணின் அகலம். கீழெல்லை முழங்காற் சில்லின் அடியிலுள்ள குழிவு. மேலெல்லை தோளுக்கும் இடுப்புக்கச்சைக்கும் நடுவிலுள்ள மட்டம். அகலத்தை அளக்கத் தரையிலே வெண்பலகை ஒன்று கிடக்கிறது. உயரத்தை அளக்கவோ மட்டையாளரின் உடலன்றி வேறு குறி இல்லை. அவ்வுடலும் ஆளுக்கு ஆள் வேறுபடுவது, வீச்சுக்கு வீச்சு வளைந்து நிமிர்வது. மணிக்கு 150 கிலோமீட்டர் விரைவில் எறியப்பட்ட பந்து, கையை விட்டகன்று ஏறத்தாழ 0.4 நொடியில் தளத்தை அடைகிறது. தளத்தின் மேலுள்ள வெளியைக் கடக்க அது எடுத்துக்கொள்வது நொடியின் நூறில் ஒரு கூறே. இத்தனைக்கும் அது நேர்கோட்டில் வருவதில்லை. சுழற்சியாலும் காற்றின் தடையாலும் வளைந்தும் சரிந்தும் வருகிறது. 1984இல் பேகில், லாரிட்சு என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர், வல்ல மட்டையாளரின் கண்கூடத் தளத்துக்கு முன்னுள்ள இறுதி 1.7 மீட்டரில் பந்தைத் தொடர இயலாது பின்தங்கிவிடுவதை அளந்து காட்டினர். பந்தைப் பார்த்துக்கொண்டே அடி என்று பயிற்றுநர் கூறும் அறிவுரை, கண்ணின் அமைப்பால் நிறைவேற இயலாத ஒன்று.

நடுவருக்கு வேறோர் இடர் உண்டு. அவருக்கும் பந்துக்கும் இடையே பிடிப்பாளரின் தலையும் கையும் அசைகின்றன. எல்லைக்குச் சற்றுப் புறம்பே வந்த பந்தைப் பற்றிய அக்கணமே, கையுறையை மென்மையாக உள்நோக்கி நகர்த்தி, அது உள்ளே வந்ததுபோல் நிறுத்திக் காட்டும் கலையில் வல்ல பிடிப்பாளர் உளர். அதனைச் சட்டமிடல் என்பர். இதனை ஏமாற்று என எவரும் பழிப்பதில்லை; ஊதியம் உயர்த்தும் திறமையாகவே போற்றுகின்றனர். நடுவரின் புலனையே ஆடுகளமாகக் கொண்ட இத்திறமை வேறெந்த ஆட்டத்திலும் இவ்வளவு நுட்பமாக வளர்ந்ததாக நான் அறியேன்.

ஓர் ஆட்டத்தில் தலைமை நடுவர் ஏறத்தாழ 150 வீச்சுகளுக்கு இடத்தீர்ப்புக் கூறுகிறார்; அவற்றுள் 100க்கு 90க்கு மேற்பட்டவை சரியாகவே அமைகின்றன. எஞ்சிய பிழைகள் முறையின்றிச் சிதறிக் கிடப்பன அல்ல. அவற்றுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு என்பதே அறிவியல் கண்ட வியப்பு. மட்டையாளருக்கு எதிராக இரண்டு நேர்வீச்சுகள் சேர்ந்துவிட்ட நிலையில் நடுவரின் வெளி சுருங்குகிறது. மூன்று விலகுவீச்சுகள் சேர்ந்த நிலையில் அது விரிகிறது. அதாவது, தம் ஒரு சொல்லால் ஆட்டத்தின் ஒரு பகுதி முடிந்துபோகும் நிலையில், அம்முடிவைத் தாம் தராமல் ஆட்டக்காரரே தரட்டும் என்று நடுவரின் உள்ளம் தன்னை அறியாமலே ஒதுங்கிக்கொள்கிறது. மாஸ்கோவிட்ஸ், வெர்த்தைம் ஆகிய இருவர் 2011இல் இதனை விரித்தெழுதினர். 2016இல் வெளிவந்த வேறோர் ஆய்வு, முந்திய வீச்சை நேர்வீச்சு எனக் கூறிய நடுவர் அடுத்ததை அவ்வாறே கூறத் தயங்குகிறார் என்று காட்டியது. அதே தயக்கத்தை அமெரிக்காவில் அடைக்கல வழக்குகளைத் தீர்க்கும் நடுவரிடத்தும், இந்தியாவில் கடன் விண்ணப்பங்களை ஆராயும் வங்கியாளரிடத்தும் அவ்வாய்வாளர்கள் கண்டனர். தொடர்ந்து ஒன்றுபோல் முடிவு கூறுவதில் மாந்த உள்ளத்துக்கு இயல்பாகவே ஒரு கூச்சம் உண்டு போலும்.

இனி முன்பின் தீர்ப்பு. அடிக்கப்பட்ட பந்தைக் களத்தில் ஒருவர் எடுத்து முதல் தளத்தில் நிற்பவருக்கு எறிகிறார், மட்டையாளர் 27.43 மீட்டரை ஓடிக் கடந்து அத்தளத்தை மிதிக்க முயல்கிறார். பந்து முந்தினால் ஆட்டமிழப்பு. கால் முந்தினால் காப்பு. இரண்டும் ஏறத்தாழ ஒருங்கே நிகழ்கையில், ஒருவர் கண் இரண்டிடத்தை நோக்க இயலாது. ஆகவே நடுவர் தளத்திலே படியும் காலைக் கண்ணால் நோக்கி, கையுறையிலே பந்து படும் ஓசையைச் செவியால் கேட்கிறார். பார்வையையும் கேள்வியையும் ஒரே அளவுகோலில் வைத்து எடைபோடும் இம்முறை தலைமுறை தலைமுறையாக நடுவர்க்குக் கற்பிக்கப்படுவது.

அவ்வளவுகோல் எத்துணைச் சரியானது? ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்வது. தளத்தினின்று 5 மீட்டர் அப்பால் நிற்கும் நடுவரை அடைய அதற்கு நொடியின் ஆயிரத்தில் 15 கூறு ஆகிறது. நொடிக்கு 8 மீட்டர் ஓடுபவர் அதற்குள் 12 செ.மீ. நகர்ந்துவிடுகிறார். இவ்வளவில், ஒலி பிந்துவதால் ஓடுநருக்கே நன்மை எனத் தோன்றும். ஆயினும் உடலின் கணக்கு வேறு: ஒளியை நரம்புத் துடிப்பாக மாற்ற விழித்திரைக்கு ஆகும் பொழுது, ஒலியை மாற்றச் செவிக்கு ஆகும் பொழுதினும் நீண்டது. புறத்தே ஒலி பிந்துகிறது. அகத்தே ஒளி பிந்துகிறது. இரண்டும் ஏறத்தாழ 10 மீட்டர் தொலைவில் ஒன்றையொன்று ஈடுசெய்யும் என்பர். அதனினும் அருகே நிற்பவருக்குப் பந்து சற்று முந்தியதுபோலவும், அதனினும் தொலைவில் இருப்பவருக்குக் கால் முந்தியதுபோலவும் தோன்றும். 100 மீட்டர் அப்பால் மேலடுக்கில் அமர்ந்திருப்பவருக்கு ஓசை வந்து சேர நொடியின் நான்கில் ஒரு பங்குக்கு மேலாகும். அங்கிருந்து எழும் கூச்சலுக்கு இயற்பியல் அளவில் எம்மதிப்பும் இல்லை.

களத்தில் உள்ளவர்களின் சான்றும் நம்பத்தக்கதன்று. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாங்கு, மெக்பீத் இருவரும் 2019இல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். இருவர் ஏறத்தாழ ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் தொடும்போது, ஒவ்வொருவரும் தம் தொடுகையே முந்தியது என்று உணர்கின்றனர். அவ்வேறுபாடு நொடியின் ஆயிரத்தில் ஏறத்தாழ 50 கூறு. முன்சொன்ன விரைவில் அது 40 செ.மீ. ஓட்டத்துக்கு ஒப்பாகும். தம் கால் முந்தியது என்று கொதிப்பவர் பொய்யுரைப்பவர் அல்லர். எதிரணியின் தளக்காவலரும் பொய்யுரைப்பவர் அல்லர். இருவர் உடலும் இருவேறு முன்பின்னை உண்மையாகவே உணர்ந்திருக்கின்றன. இவ்வொன்றை அறிந்தபின் பூசலிடுவோர்மேல் நமக்குச் சினம் தணிந்துவிடுகிறது.

இத்தகைய தீர்ப்புகளுள் பெரும்புகழ் பெற்ற பிழை 2010 சூன் 2ஆம் நாள் டெட்ராய்ட்டு நகரில் நிகழ்ந்தது. கிளீவ்லாந்துக்கு எதிராக ஆர்மாண்டோ கலராகா என்னும் வீச்சாளர் 26 மட்டையாளரை அடுத்தடுத்து ஆட்டமிழக்கச் செய்துவிட்டார். இன்னும் ஒருவர் வீழ்ந்தால் அது குறையிலா ஆட்டம். அதுவரை அமெரிக்கப் பெருங்கூட்டமைப்புகளின் வரலாற்றில் 20 முறை மட்டுமே நிகழ்ந்தது. இருபத்தேழாமவர் ஜேசன் டொனால்டு அடித்த பந்தை மிகேல் கப்ரேரா எடுத்து எறிய, கலராகா தாமே ஓடிவந்து முதல் தளத்தில் அதனைப் பற்றினார். பந்து தெளிவாக முந்தியிருந்தது. நடுவர் ஜிம் ஜாய்ஸ் இருகைகளையும் அகல விரித்துக் காப்பு என்றார். கலராகா ஒரு புன்முறுவலோடு தம் மேட்டுக்குத் திரும்பினார். அடுத்த மட்டையாளரை வீழ்த்தி ஆட்டத்தை முடித்தார். பின்னர் மீள்காட்சியைக் கண்ட ஜாய்ஸ் தம் பிழையை வெளிப்படையாக ஒப்பினார். மறுநாள் தலைமை நடுவராக வந்து நின்ற அவர் கையில் அணிப்பட்டியலைக் கொண்டுவந்து கொடுத்தவர் கலராகாவே. நடுவரின் கண்களில் நீர் நிறைந்திருந்தது. கூட்டமைப்புகளின் ஆணையர் தீர்ப்பை மாற்றவில்லை. பிழையென யாவரும் ஒப்பிய பின்னும் தீர்ப்பு முடிந்ததாகவே நின்றது.

உட்கோள் தீர்ப்புக்கு ஏய்ப்பசைவு ஒன்றே போதிய எடுத்துக்காட்டு. தளத்தில் நிற்கும் ஓடுநரை ஏமாற்றும்பொருட்டு வீச்சாளர் எறிவதுபோல் அசைந்து எறியாது விடுதல் குற்றம். 1980 செப்தம்பர் 17ஆம் நாள் பால்டிமோர் அணியின் வீச்சாளர் மைக் பிளானகன்மீது முதல் தள நடுவர் பில் காலர் அக்குற்றம் சாற்ற, மேலாளர் ஏர்ல் வீவர் பாய்ந்து வந்தார். தொலைக்காட்சிப் படமொன்றுக்காக நடுவர் அன்று ஒலிவாங்கி அணிந்திருந்தமையால், அவ்வாய்ப்போர் ஒரு சொல்லும் குறையாமல் பதிவாகிவிட்டது; அச்சிடத்தக்க சொற்கள் அதில் மிகச்சில. வீவர் நடுவரை நெருங்குமுன் தம் தொப்பியைப் பின்புறமாகத் திருப்பிக்கொள்வார். தொப்பியின் விளிம்பு நடுவர்மேல் படுமாயின் அது தீண்டலாகிப் பெருந்தண்டம் நேரும். திருப்பிவிட்டாலோ மூக்கோடு மூக்கு நெருங்கலாம். சினத்தின் உச்சியிலும் அளவு பிசகாத அறிவு அது.

நெறித்தீர்ப்பின் சிறப்பு, நெடுங்காலம் அது ஒன்றே மேல்முறையீட்டுக்கு இடந்தந்தது என்பது. 1983 சூலை 24ஆம் நாள் நியூயார்க்கில், கேன்சாஸ் நகர அணியின் ஜார்ஜ் பிரெட்டு கடைசிச் சுற்றில் பந்தைக் களத்துக்கு அப்பால் அடித்து அணியை முந்தச் செய்தார். எதிரணி மேலாளர் பில்லி மார்ட்டின், பிரெட்டின் மட்டையில் பைன் மரப் பிசின் நெறிநூல் விடுத்த 45.7 செ.மீ. எல்லையைக் கடந்து பூசப்பட்டிருப்பதாக முறையிட்டார். அளவுகோல் இல்லாமையால் நடுவர் டிம் மெக்லெலண்டு மட்டையை இல்லத்தளத்தின்மேல் கிடத்தி, அதன் 43.2 செ.மீ. அகலத்தைக் கொண்டே அளந்து, பிரெட்டு ஆட்டமிழந்தார் என்றார். பிரெட்டு இருக்கையினின்று கைகளை வீசிக்கொண்டு ஓடிவந்த காட்சி இன்றும் காட்டப்படுகிறது. ஆயினும் கூட்டமைப்பின் தலைவர் லீ மெக்பெயில், பிசினால் பந்து தொலைவு போவதில்லை என்பதையும் அந்நெறியின் நோக்கத்தையும் கருதித் தீர்ப்பை மாற்றினார். ஆகத்து 18ஆம் நாள் விட்ட இடத்தினின்று ஆட்டம் தொடர்ந்து கேன்சாஸ் அணி 5–4 என வென்றது. அளந்தவர் பிழையாக அளக்கவில்லை. அளவுக்குத் தந்த பொருளே பிழை.

இனி வெளியேற்றத்துக்கு வருவோம். ஆட்டநெறியின் 8.02ஆம் பிரிவு, நடுவரின் மதிப்பீட்டைச் சார்ந்த தீர்ப்பு யாதாயினும் அதுவே இறுதி என்றும், ஆட்டக்காரரோ மேலாளரோ பயிற்றுநரோ அதனை மறுத்தல் ஆகாது என்றும் வகுக்கிறது. நேர்வீச்சு, விலகுவீச்சு பற்றி வழக்காட ஒருவர் இருக்கையை விட்டு இல்லத்தளத்தை நோக்கிப் புறப்பட்டால் முதலில் எச்சரிக்கை. அதன்பின்னும் தொடர்ந்தால் வெளியேற்றம். வெளியேற்றப்பட்டவர் அணியின் உடைமாற்று அறையில் இருக்கலாம். அல்லது தம் அணியின் இருக்கைக்கு வெகுவாக விலகிப் பார்வையாளரிடையே அமரலாம். ஆட்டத்தில் அவருக்கு வேறு பங்கு இல்லை. 1999 சூன் திங்களில் நியூயார்க்கு மெட்சு அணியின் மேலாளர் பாபி வாலண்டைன், வெளியேற்றப்பட்ட பின் கருங்கண்ணாடியும் கள்ளமீசையும் அணிந்து தம் அணியின் இருக்கைக்கே திரும்பினார். படக்கருவி அவரைக் கண்டுகொண்டது. தண்டமும் இரண்டு ஆட்டங்களுக்குத் தடையும் வந்தன.

மாற்ற இயலாத தீர்ப்புக்காக மேலாளர் ஏன் போராடவேண்டும்? இதற்கு விடை பாபி காக்ஸ் என்பவரின் வாழ்வில் உள்ளது. அட்லாண்டா அணியை நெடுங்காலம் நடத்திய அவர், பருவ ஆட்டங்களில் மட்டும் 158 முறை வெளியேற்றப்பட்டவர். ஜான் மெக்ரா என்னும் பழைய மேலாளரின் எண்ணிக்கையை 2007இல் கடந்தவர். அவரை முன்கோபி என்று எண்ணுதல் பொருந்தாது. நடுவரோடு வாய்ப்போரில் இறங்கிய ஆட்டக்காரர் வெளியேற்றப்பட்டால் அணி தன் மட்டையை இழக்கும். மேலாளர் வெளியேற்றப்பட்டால் துணைவர் ஒருவர் அவர் பணியைப் பார்ப்பார். ஆகவே இருவருக்கும் இடையே தம் உடலைப் புகுத்தி, ஆட்டக்காரருக்கு வரவிருந்த ஒறுப்பைத் தாம் ஏற்றுக்கொள்வதே அவர் கடைப்பிடித்த முறை. வெளியேற்றம் இவ்வாறு அணிக்குக் குறைந்த விலையில் கிடைத்த கேடயமாயிற்று.

ஆணையைக் காக்கும் கருவி, ஆராயாது வீசப்படின் ஆணைக்கே இழுக்காகும். 2024 ஏப்பிரல் 22ஆம் நாள் நியூயார்க்கு யாங்கீசு அணியின் மேலாளர் ஆரன் பூன், ஆட்டம் தொடங்கி ஐந்தே வீச்சுகளுக்குள் வெளியேற்றப்பட்டார். முன்னதாக அவர் எச்சரிக்கப்பட்டிருந்தது உண்மை. ஆயினும் வெளியேற்றத்துக்கு ஏதுவான குரல் அவர் இருக்கைக்கு மேலே அமர்ந்திருந்த பார்வையாளர் ஒருவருடையது என்பதைப் படக்கருவிகள் காட்டின. இங்கே நடுவரின் செவி திசையறிவதில் தவறியது. ஆணையோ திரும்பப் பெறப்படவில்லை.

பொறிகளின் துணை படிப்படியாக வந்தது. 2008 ஆகத்தில், பந்து எல்லை கடந்ததா என்பதற்கு மட்டும் மீள்காட்சி ஏற்கப்பட்டது. 2014இல் முன்பின் தீர்ப்புகளுக்கும் அது விரிந்தது. மேலாளர் முறையிட, நியூயார்க்கிலுள்ள நடுவண் நிலையத்தில் பல படங்களையும் ஒப்புநோக்கி முடிவு கூறுவர். அம்முடிவை மறுத்து வழக்காடுவோர் உடனே வெளியேற்றப்படுவர். முதல் தளத்துப் பூசல் இவ்வாறு அடங்கியது. அடங்கிய சினம் இல்லத்தளத்துக்கு இடம்பெயர்ந்தது. 2025இல் வெளியேற்றங்களில் பாதிக்கு மேற்பட்டவை இடத்தீர்ப்பு பற்றியவையே.

2026ஆம் ஆண்டுப் பருவத்துக்கென அமெரிக்கப் பெருங்கூட்டமைப்புகள் ஏற்றுக்கொண்ட தன்னியக்க வீச்சுத்தீர்ப்பு முறை இதற்கு விடையாக வந்தது. மட்டைப்பந்தாட்டத்தால் நமக்கு நன்கு அறிமுகமான பருந்துக்கண் கருவித்தொகுதியே இங்கும் பணியாற்றுகிறது. 12 படக்கருவிகள் பந்தின் வழியைக் கணிக்கின்றன. மட்டைப்பந்தில் காலில் பட்டபின் பந்து எங்கே சென்றிருக்கும் என்று ஊகிக்கவேண்டும். இங்கே உண்மையாகச் சென்ற வழியை அளந்தாற் போதும். வெளியின் எல்லைகளும் உடலின் வளைவைச் சாராமல் எண்ணாக மாற்றப்பட்டன: கீழெல்லை மட்டையாளரின் உயரத்தில் 27 விழுக்காடு, மேலெல்லை 53.5 விழுக்காடு. 1.83 மீட்டர் உயரமுள்ளவருக்கு அவை 49 செ.மீ., 98 செ.மீ. ஆகும். தூணும் தட்டையாயிற்று, தளத்தின் நடுவே நிற்கும் ஒரு செவ்வகத்தைப் பந்து தொட்டதா என்பதே வினா. நெறிநூலின் தூணை முன்விளிம்பில் உரசிச் சரியும் வளைவீச்சு இச்செவ்வகத்தைத் தொடாது போகலாம். பொறி பிழையற்றது என்பார் இதனை நினைவிற் கொள்க: பொறியும் மாந்தர் வகுத்த இலக்கணத்தையே அளக்கிறது.

தென்கொரியர் 2024 முதல் எல்லா வீச்சுகளையும் பொறியிடமே விட்டனர். அமெரிக்கர் அவ்வாறு செய்யாமல், நடுவரே தீர்ப்புக் கூற, ஓர் அணிக்கு இரண்டு முறையீடுகளை மட்டும் வழங்கினர். வென்ற முறையீடு குறையாது. இதுவே தக்க முறை என்பது என் முடிவு. சிறு பிழைகள் ஆட்டத்தின் இயல்பாக நிற்க, ஆட்டத்தைப் புரட்டும் பிழைகள் திருந்துகின்றன. பிடிப்பாளரின் சட்டமிடற் கலையும் பிழைத்துக்கொள்கிறது.

முறையிடும் உரிமை மட்டையாளர், வீச்சாளர், பிடிப்பாளர் என்னும் மூவருக்கே. அவர்கள் துணையின்றித் தலையைத் தட்டிக் காட்டவேண்டும். இருக்கையிலிருந்து குறிப்புக் கொடுத்தல் ஆகாது. இதற்கு வடிவியல் துணைநிற்கிறது. மேலாளர் அமர்வது களத்தின் பக்கவாட்டில். அங்கிருந்து பந்தின் உயரத்தை ஓரளவு காணலாம்; அது பலகையின் உட்புறம் சென்றதா வெளிப்புறம் சென்றதா என்பதைக் காணவே இயலாது. இத்தனை ஆண்டுகள் அகலத்தைப் பற்றி மிகுதியாக வழக்காடியவர், அகலத்தைக் காண இயலாத ஓரிடத்தில் இருந்தவரே.

பொறி வந்ததால் வெளியேற்றம் ஒழிந்துவிடும் என்று எண்ணவேண்டா. 2019இல் இம்முறை அட்லாண்டிக் கூட்டமைப்பில் முதன்முதல் ஆய்ந்து பார்க்கப்பட்டபோதே, பிராங்கு வயோலா என்னும் பயிற்றுநர், பொறி கணித்துத் தந்ததை எடுத்துரைத்த நடுவரோடு வழக்காடி வெளியேற்றப்பட்டார். 2026ஆம் ஆண்டிலும், முறையீட்டுரிமை இல்லாத மேலாளர் ஒருவர் இருக்கையை விட்டெழுந்து நேர்வீச்சைப் பற்றி வாயாட இல்லத்தளத்துக்கு வருவாராயின், 8.02ஆம் பிரிவு அவரை முன்போலவே வெளியே அனுப்பும்.